அந்தரத்தில் முடுக்கிய ஆறு போல்ட்

மார்ச் 3, செவ்வாய்

காலை ரத்த அழுத்தம் 150/96. தினமும் எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர், எழுதிவிட்டேன். கோபம் வந்தால் ஆள்மேல் காட்டாமல் நோட்டில் காட்டு என்றும் சொல்லியிருக்கிறார். மனைவி அன்றைக்கே கடைக்குப் போய் இருநூறு பக்க நோட்டு வாங்கி வந்துவிட்டாள். எண்பது பக்கம் போதாதா என்று கேட்டேன். "உங்களுக்கா?" என்றாள்.

இன்று காட்ட வேண்டியது: ஒருவன் பிரேக் கீச்சென்கிறது என்று வண்டியைக் கொண்டுவந்தான். நான் போட்ட பிரேக். நான்கு தெரு சுற்றி ஓட்டிப் பார்த்தேன், சத்தமும் இல்லை சந்தடியும் இல்லை. முதலில் காதைக் காட்டிவிட்டு வா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இருபத்தாறு வருடமாக ஸ்பேனர் பிடிக்கிறேன், எனக்குத் தெரியாதா.

மதியம் அத்தான் வந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக, சட்டைக் கையில் சாக்பீஸ் தூள் கூடப் போகவில்லை. அக்காவைக் கட்டியவர் என்பதற்காகச் சொல்லவில்லை, தங்கமான மனுஷன். முப்பது வருடம் பௌதிகம் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஐம்பத்தைந்து வயதில் ஆசைப்பட்டு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். இரண்டே இருக்கை, மேலே துணிக்கூரை. அக்கா அதைச் சின்னவீடு என்றுதான் சொல்வாள்.

கையில் நீளமாக ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே இரும்புக் கம்பி, பட்டைகள், போல்ட், மாட்டும் முறை அச்சடித்த ஒரு தாள். காருக்கு அடியில் முன்னும் பின்னுமாகச் சேஸியோடு சேர்த்துப் பிடிக்கிற கம்பி. கார்க் கம்பெனி கொடுத்ததல்ல, வெளியில் செய்து விற்கிறார்கள். "மாப்ள, பள்ளத்துல எறங்கினா கண்ணாடி ஒரு பக்கம் ஆடுது, ஸ்டியரிங் ஒரு பக்கம் ஆடுது, நடுவுல என் பல்லு ஆடுது" என்றார். கூரை இல்லாத கார் அப்படித்தான். மூடி கிழிந்த செருப்புப் பெட்டியைக் கையில் எடுத்தால் எப்படி முறுக்கும், அந்த மாதிரி. வியாழக்கிழமை கொண்டுவரச் சொன்னேன்.

மார்ச் 5, வியாழன்

146/94. கம்பி போட்டாயிற்று.

முதலில் தரையில் வைத்தே பார்த்தேன். மல்லாந்து படுத்து முன்பக்கம் நான்கு போல்ட்டும் விட்டேன், சமர்த்தாக ஏறின. பின்பக்கம் இரண்டும் ஏறவில்லை. கம்பியின் துளை ஒரு இடம், சேஸியின் துளை ஒரு இடம். மூன்று மில்லிமீட்டர் இடித்தது. அரம் எடுத்துத் துளையை ராவ வேண்டும், அரை மணி நேர வேலை. அத்தானோ நாலாவது பீரியட் இருக்கிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.

காரைத் தூக்குகிற லிஃப்டில் ஏற்றினேன். நடுவில் தூக்கிப் பிடித்ததும் காரின் மூக்கும் வாலும் தன் எடைக்குக் கொஞ்சம் தொங்கின. துளைகள் கூப்பிட்டதுபோல் நேருக்கு நேராக வந்து நின்றன. விடுவேனா? ஆறையும் போட்டு, இறுக்கத்தை அளந்து சொல்கிற டார்க் ரெஞ்ச் 'டிக்' என்கிற வரை முடுக்கிவிட்டேன். சக்கரம் தரையில் நின்று எடை இறங்கிய பிறகே கடைசி முடுக்கு என்று தாளில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. தாள் எழுதுகிறவன் எத்தனை காரைக் கழற்றியிருப்பான்.

இறக்கினதும் ஓட்டுகிற பக்கத்துக் கதவு சாத்த மாட்டேன் என்றது. லாக் போய் மாட்டுகிற கொக்கிக்கும் லாக்குக்கும் நகக்கண் அளவு வித்தியாசம். கொக்கியின் இரண்டு திருகையும் தளர்த்தி, கொஞ்சம் நகர்த்தி, முடுக்கினேன். நகர்த்துவதற்காகத்தானே அந்தத் துளையை நீளவாக்கில் வைத்திருக்கிறான். சாத்தினேன். டப்பென்று ஒரே சத்தம். அத்தானுக்கு முகமெல்லாம் பல். நான்கு தடவை திறந்து திறந்து சாத்தினார்.

பக்கத்து ஷெட்டில் பெயின்ட் அடிக்கிறவன் டீயோடு வந்து நின்றிருந்தான். கதவு இடுக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "டீ ஆறுது" என்றான்.

மார்ச் 6

142/90. குறைந்திருக்கிறது. யாரும் வாயைக் கிளறாவிட்டால் நான் சாது.

மார்ச் 9

அத்தான் போன். கார் இப்போது ஒரே கட்டையாக ஓடுகிறதாம், பள்ளம் தெரியவே இல்லையாம். பாடத்தில் வளையாத தன்மைக்கு இதைத்தான் உதாரணம் சொல்கிறாராம். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தவர் மாதிரி இருந்தது. "வேற ஒண்ணுமில்லையே?" என்றேன். "ஒண்ணுமில்ல மாப்ள" என்றார்.

மார்ச் 14, சனி

அக்கா போன். அத்தான் கார் — லாரி. எந்த ஆஸ்பத்திரி என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. போகிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

எழுதிவிட்டால் தூக்கம் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

லாரி திருப்பத்தில் தடம் மாறி வந்து முன்மூலையில் இடித்திருக்கிறது. கார் சுழன்று போய் மதிலோடு ஒட்டி நின்றுவிட்டது. தலைக்கு ஒன்றுமில்லை, நெஞ்சுக்கு ஒன்றுமில்லை. வலது கால் மட்டும் பெடலுக்கும் மடங்கி வந்த தகட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே ரத்தம் ஓடவில்லை என்கிறார்கள். இரண்டு ஆபரேஷன் முடிந்தது. இன்னும் பார்க்க வேண்டுமாம்.

வராந்தாவில் அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். "நீ போட்ட கம்பிதான்டா உசுர நிறுத்தியிருக்கு" என்றாள். தீயணைப்புக்காரர் ஒருவர் சொன்னாராம், அடியில் அந்தக் கம்பி இல்லாவிட்டால் கார் தீப்பெட்டி மாதிரி மடங்கியிருக்கும் என்று. அக்கா அங்கே நின்றிருந்த எல்லோருக்கும் என்னைக் காட்டினாள். "என் தம்பி. இவன்தான் போட்டான்." முன்பின் தெரியாத ஒரு அம்மாள்கூட என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன். ஒரு மணி நேரம் எனக்குப் பெருமையாக இருந்தது.

மார்ச் 16

கதவு.

காலையில் அக்கா மறுபடியும் ஆரம்பத்திலிருந்து சொன்னாள், யாரோ புதிதாகப் பார்க்க வந்தவர்களுக்கு. ஓடி வந்தவர்கள் முதலில் கதவைத்தான் இழுத்திருக்கிறார்கள். திறக்கவில்லை. நான்கு பேர் சேர்ந்து இழுத்தும் திறக்கவில்லை. அடுத்த பக்கத்துக் கதவு மதிலோடு ஒட்டிக் கிடந்தது. துணிக்கூரையைக் கிழித்து மேலே தூக்கப் பார்த்திருக்கிறார்கள், கால் மாட்டியிருக்கிறதே, எப்படி வரும். கதவு திறந்திருந்தால் ஒருவன் குனிந்து காலை எடுத்துவிட்டிருப்பான். தீயணைப்பு வண்டி வந்து கதவை அறுக்க ஐம்பது நிமிடம்.

ஐம்பது நிமிடம் ரத்தம் இல்லாமல் ஒரு கால்.

அக்கா சொல்லச் சொல்ல எனக்கு அந்த 'டப்' சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டீ வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தரத்தில் தொங்கவிட்டு முடுக்கினேன். தொங்கின கோணத்திலேயே காரைக் கட்டிப் போட்டேன். கதவு சேரவில்லை என்று அது வாய்விட்டுச் சொன்னது. அதன் வாயை அடைத்தேன்.

மார்ச் 17

காலை எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே.

மார்ச் 18

ஷெட்டைத் திறக்கவில்லை. அளக்கவும் இல்லை.

மார்ச் 19

என்னையே கேட்கிறேன். லாரி இடித்த இடிக்கு எந்தக் கதவும்தான் மாட்டிக்கொண்டிருக்கும், இல்லையா? எத்தனை இடிபட்ட வண்டி பார்த்திருக்கிறேன். ஒழுங்காக இருந்த கதவெல்லாம் திறக்காமல் போயிருக்கிறது. அப்புறம் ஏன் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்?

ஏனென்றால் ஒழுங்காக இருந்த கதவு அது இல்லை. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியும்.

மனைவி தட்டை வைத்துவிட்டு, "உங்க அத்தானுக்கு ஆனதுக்கு நீங்க ஏன் இப்படி ஆகிட்டீங்க, நீங்க இல்லாட்டி உசுரே போயிருக்கும்னு அண்ணி சொல்றாங்க" என்றாள். சோற்றில் கை வைத்தபடியே இருந்தேன். எழுந்து கை கழுவிவிட்டேன்.

மார்ச் 21, சனி

விபத்து வண்டிகளை நிறுத்துகிற மைதானத்துக்குப் போனேன். காவலாளியிடம் சொந்தக்காரர் வண்டி, உள்ளே மூக்குக்கண்ணாடியும் நோட்டும் இருக்கிறது, எடுக்க வேண்டும் என்றேன். பொய்யில்லை, அத்தானின் கண்ணாடி உள்ளேதான் கிடந்தது.

மண்ணில் படுத்து உள்ளே நகர்ந்தேன். கம்பி அப்படியே இருக்கிறது. ஒரு வளைவு இல்லை. காரெல்லாம் கசங்கியிருக்க, அது மட்டும் கடையில் வாங்கின மாதிரி. பின்பக்கத்து போல்ட் ஒன்றைத் தளர்த்தினேன். இழுப்பில்லாமல் முடுக்கியிருந்தால் கையாலேயே சுழன்று வரும். இது கடைசிப் புரிக்கு வந்ததும் 'டணார்' என்று தெறித்தது. கம்பி துளையை விட்டு விலகி நின்றது.

ஆனால் அந்த இழுப்பு யாருடையது? நான் கட்டிவைத்ததா, லாரி முறுக்கியதா? கார் முழுவதும் கோணிக் கிடக்கும்போது அந்த போல்ட் எதைச் சொல்லும். படுத்துக்கொண்டே இரண்டையும் எடை போட்டுப் பார்த்தேன். இனி யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. மறுபடி முடுக்கிவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்து செய்ததை எழுத மனமில்லை. எழுதாவிட்டால் இந்த நோட்டு எதற்கு.

அறுத்து எடுத்த கதவு தனியாகக் கிடந்தது. கொக்கி கார்த் தூணிலேயே இருந்தது. அது முன்பு இருந்த இடத்தில் பெயின்ட் வெளுப்பாக ஒரு கீற்று, அதற்குப் பக்கத்தில் நான் நகர்த்திய இடம். பார்க்கத் தெரிந்தவன் பார்த்தால் போதும். திருகைத் தளர்த்தினேன். கொக்கியைப் பழைய இடத்துக்கே நகர்த்தி முடுக்கினேன். எவ்வளவு நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன் தெரியவில்லை. காவலாளி "கெடச்சுதா?" என்று கத்தினான். கெடச்சுது என்றேன். திரும்பவும் தளர்த்தி, என் இடத்துக்கே கொண்டுவந்து முடுக்கிவிட்டு வந்துவிட்டேன்.

இதில் எதை நல்லது என்று சொல்வது? திருடினதைத் திருப்பி வைத்தவனும் திருடன்தான்.

மார்ச் 24

166/104. அளந்திருக்கவே வேண்டாம்.

இன்ஷூரன்ஸ் மதிப்பீட்டாளர் ஷெட்டுக்கு வந்தார். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட சின்ன வயதுக்காரர், மரியாதையான ஆள். காரில் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒரு கம்பி இருந்ததே, நீங்கள்தான் பொருத்தியதா என்றார். ஆமாம். "தாள்ல சொல்லியிருக்கிறபடி சக்கரம் தரையில இருக்கும்போதுதானே கடைசியா முடுக்கினீங்க?"

ஆமா என்றேன்.

அவ்வளவுதான். எழுதிக்கொண்டார். அந்த இடிக்கு எந்தக் கதவும் திறந்திருக்காது சார், கவலைப்படாதீங்க என்றும் சொன்னார். அவர் சொன்னது நிஜமாகவே இருக்கலாம். ஆனால் நான் பொய் சொன்ன பிறகு சொன்னார், அதனால் எனக்குப் பிரயோஜனம் இல்லை.

அவர் போனதும் பெயின்டர் வந்தான். "நீ தரையிலயா முடுக்கின?"

உன் வேலையைப் பார் என்றேன்.

"அன்னிக்கே கேக்கலாம்னு பார்த்தேன். கதவு இடுக்கு மேல அகலமா, கீழ குறுகலா இருந்துச்சு. கேட்டா ஸ்பேனர் பறக்கும். எதுக்குன்னு விட்டுட்டேன்."

பறக்கும்தான். ஒரு தடவை பறந்திருக்கிறது, அவன் புருவத்தில் தழும்பு இருக்கிறது. அன்றைக்கு அவன் சொன்னது என்ன? நான் மாட்டிய பம்பர் கோணலாக இருக்கிறது என்று. கோணலாகத்தான் இருந்தது.

மார்ச் 26

அத்தான் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். போர்வையில் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் தட்டை. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் பழத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். "இனிமே செருப்பு தேய்மானம் பாதிதான் மாப்ள" என்றார். அக்கா போதும் வாயை மூடுங்க என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே வெளியே போனாள், கொஞ்ச நேரம் வரவில்லை.

கரும்பலகை முன்னால் நின்றே பழக்கப்பட்டவர். உட்கார்ந்து பாடம் எடுப்பவர்களைக் கிண்டல் பண்ணுவார்.

பள்ளிக்கூடத்திலிருந்து பார்க்க வந்த ஒரு வாத்தியார், தன் காருக்கும் அந்தக் கம்பியைப் போட்டுத்தர முடியுமா என்று என்னிடம் கேட்டார். அக்காதான் சொல்லியிருக்கிறாள். "என் தம்பி போட்டா கண்ண மூடிட்டு ஓட்டலாம்" என்றாள். என் முதுகில் கை வைத்துக்கொண்டே சொன்னாள். அந்தக் கை சுட்டது.

எனக்கு ஏழு வயது மூத்தவள். உலகத்தில் என்னைத் திட்டி, நான் திருப்பி எதுவும் சொல்லாத ஒரே ஆள். சொன்னால் அவளை இழப்பேன். சொல்லாவிட்டால் அவள் இப்படியே என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவாள், நான் தினமும் போய் அதை வாங்கிக்கொண்டு வர வேண்டும். இரண்டில் எது பெரிது என்று தெரியாமல் பைத்தியம் பிடிக்கிறது.

மார்ச் 28

மனைவியிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். மடித்ததையே இன்னொரு தடவை மடித்தாள்.

"சொல்லாதீங்க" என்றாள். "சொன்னா கால் திரும்பி வரப்போகுதா? அவங்களுக்கு இருக்கிற ஒரு நிம்மதியும் போயிடும். பெரிய மனசு பண்ணி உங்களோடயே வச்சுக்கங்க."

என்னோடு வைத்துக்கொள்ளலாம். எத்தனை நாளைக்கு?

மார்ச் 30

மனைவி காலையில் காபியை வைத்துவிட்டு நின்றாள். "ரெண்டு நாளா எனக்கு சோறு எறங்கல. உங்களுக்கு எப்படி எறங்குது? போய்ச் சொல்லிடுங்க."

எனக்கும் இறங்கவில்லை என்று சொன்னேன்.

மார்ச் 31

போனேன். அறை வாசல் வரை. உள்ளே அக்கா அவருக்குச் சவரம் பண்ணிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 2, வியாழன்

சொல்லிவிட்டேன்.

அக்கா மருந்து வாங்கப் போயிருக்கிறாள் என்று பார்த்துத்தான் ஆரம்பித்தேன். கோழைத்தனம்தான். முதலில் அவர், அப்புறம் அவள் என்று கணக்குப் போட்டிருந்தேன். துளை இடித்தது, லிஃப்டில் ஏற்றியது, தாளைப் படித்துவிட்டே செய்தது, கொக்கி, மைதானத்துக்குப் போனது, மதிப்பீட்டாளரிடம் சொன்ன பொய், எல்லாம். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். உங்கள் காலை நான்தான் எடுத்தேனோ என்னவோ தெரியவில்லை அத்தான், தெரியவே போவதில்லை என்றேன்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம்.

"கதவு தெரியும் மாப்ள" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"வெளியேர்ந்து நல்லாத்தான் சாத்துச்சு. உள்ளேர்ந்து தொறக்கத்தான் வராது. தோளால ஒரு இடி கொடுத்தா தொறக்கும். மூணாவது நாளே பார்த்துட்டேன்."

ஏன் சொல்லவில்லை என்றேன். இவ்வளவு நாளும் இல்லாத சத்தம் எனக்கு எங்கிருந்தோ வந்தது. ஏன் அத்தான் என்கிட்ட சொல்லல, ஒரு வார்த்தை, போன் பண்ணீங்களே — அன்னிக்குப் போன்ல —

அவர் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"நீ மாட்டின ஹாரன் சரியா அடிக்கலன்னு ஒரு தடவ சொன்னேன். நாலு மாசம் வீட்டுப் பக்கம் வரல நீ. உங்க அக்கா தினம் வாசல வாசலப் பார்ப்பா. இதுக்கு எதுக்கு, தோளால இடிச்சுக்கலாம்னு விட்டுட்டேன்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. பஸ் ஏன் லேட் என்று சொல்கிற குரல். அவர் சட்டையைப் பிடித்திருந்தால் நிமிர்ந்து நின்றிருப்பேன். இதற்கு நிற்க முடியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன், கால் இல்லாத பக்கம் காலியாகத்தான் இருந்தது.

நிமிர்ந்தால் வாசலில் அக்கா. கையில் மருந்துப் பொட்டலம். எப்போது வந்தாள் தெரியாது, ஆனால் வேண்டியது எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"பதினெட்டு நாளு" என்றாள். "பதினெட்டு நாளா நான் உன் கையப் பிடிச்சுப் பிடிச்சு எல்லார்கிட்டயும் சொன்னேன். கேட்டுட்டு நின்னியே."

அக்கா என்றேன்.

"கெளம்பு."

ஏப்ரல் 3

கிளம்பு என்றுதான் சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் இன்றைக்கு எனக்கு ஒரு அக்கா இருந்திருப்பாள்.

ஏப்ரல் 6

மதிப்பீட்டாளருக்குப் போன் பண்ணி நான் சொன்னது பொய் என்றேன். அதை எழுதிக் கொடுங்கள் என்றார். நேரில் போய் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அப்பவும் அந்த இடிக்குக் கதவு மாட்டியிருக்கலாம் சார்" என்றார். 'லாம்' என்பதை அவரும் அழுத்திச் சொல்லவில்லை, நானும் பிடித்துத் தொங்கவில்லை.

ஏப்ரல் 11

அக்கா போனை எடுக்கவில்லை. மனைவி போனிலிருந்து அடித்தால் எடுக்கிறாள், அவளோடு பேசுகிறாள், என் பேச்சு வந்தால் வைத்துவிடுகிறாள். அத்தானை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். அதுவும் மனைவி சொல்லித்தான் தெரியும்.

ஏப்ரல் 15

அந்த வாத்தியார் தன் காரோடும் கம்பியோடும் வந்துவிட்டார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் போடுவதில்லை என்றேன். ஏன் என்றார். எனக்குச் சரியாகப் போடத் தெரியவில்லை என்றேன். இருபத்தாறு வருடத்தில் இந்த வாக்கியத்தை முதல் தடவை சொல்கிறேன். அவர் நான் தன்னடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். எனக்கு ஓவென்று அழவேண்டும் போல இருந்தது.

ஏப்ரல் 22

158/100. மாத்திரையைக் கூட்டியிருக்கிறார் டாக்டர். கோபம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். வருவதே இல்லை என்றேன். அப்போ நல்லதுதானே என்றார். நல்லதா?

ஏப்ரல் 30

ஒன்றுமில்லை. ஷெட்டுக்குப் போனேன், வந்தேன்.

மே 4

பெயின்டரிடம் கேட்டேன், என்கிட்ட சொல்லாம விட்டது இன்னும் எத்தனை இருக்கு என்று. யோசித்தான். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். நிறுத்தச் சொல்லவில்லை. ஒன்பதில் அவனாகவே நிறுத்திவிட்டு, "மீதிய நாளைக்குச் சொல்றேன், உனக்கு பிரஷர் இருக்கு" என்றான்.

மே 9, சனி

காலையில் அத்தான் போன். "குளியலறையில கைப்பிடி ஒண்ணு போடணும் மாப்ள. உங்க அக்கா வேற ஆளக் கூப்பிடலாம்னா. நான் உன்னத்தான் கூப்பிடுவேன்னுட்டேன். டிரில்லு எடுத்துட்டு வா."

வாசலில் செருப்பைக் கழற்றினேன். அக்கா அடுக்களையில் இருந்தாள். பாத்திரச் சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி தொடர்ந்தது. அத்தான் ஊன்றுகோலோடு வந்து குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். எங்கே பிடிக்க வசதி, எவ்வளவு உயரம் என்று அவர் கையை வைத்துக் காட்டச் சொல்லி, பென்சிலால் குறித்தேன். நான்கு துளை. நான்கு திருகு. முக்கால் மணி நேரம். கைப்பிடியை நானே தொங்கிப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது.

அத்தான் எழுந்து பிடித்துப் பார்த்தார். பாரத்தைக் கொடுத்தார், எடுத்தார்.

"ஆடுதா அத்தான்?"

"இல்ல மாப்ள. அருமையா இருக்கு."

"நெஜமா சொல்லுங்க."

"அருமையா இருக்குன்னேனே."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அந்தப் போனில் ஒண்ணுமில்ல என்றபோதும் இப்படித்தான் எங்கேயோ பார்த்திருப்பார்.

அடுக்களைச் சத்தம் நின்றது. ஈரக் கையோடு அக்கா வந்தாள். என்னைத் தாண்டி உள்ளே போய்க் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் உலுக்கினாள். பிறகு அத்தானைப் பார்த்து, "ஆடுது. ஆடுதுன்னு சொல்லுங்க அவன்கிட்ட" என்றாள்.

அத்தான் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் போய்ப் பிடித்துப் பார்த்தேன். எனக்கு ஆட்டமே தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. ஆடவில்லை என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது, இருபத்தாறு வருடப் பழக்கம்.

"எந்தப் பக்கம் அக்கா?" என்றேன்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள், ஒவ்வொரு விரலாக. முப்பத்தேழு நாளுக்கு அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"மேல் பக்கம். வலது."

கழற்றினேன். வலது மேல் திருகு செங்கல்லில் ஏறவில்லை, பூச்சில்தான் பிடித்துக்கொண்டு இருந்தது. இரண்டு விரல் தள்ளிப் புதிதாகத் துளை போட்டு மாட்டினேன். அக்கா அடுக்களைக்குப் போகவில்லை. மாட்டி முடிக்கிற வரை அங்கேயே நின்று, மறுபடி உலுக்கிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஆடுகிறது என்றாள். திரும்பவும் கழற்றினேன்.